எங்கம்மா ஒரு புள்ளிதானா?

போன அரையாண்டு விடுமுறையில், திருவொற்றியூரில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில் பிள்ளைகள் ஒரு வாரம் முழுக்க கார்டு வரைந்தார்கள். கல்லூரியில் படிக்கும் தோழர் ஒருவர் 'மேஜிக்: த கேதரிங்' என்ற கார்டு விளையாட்டை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அசல் கார்டு வாங்கக் காசு கட்டுப்படியாகாது. ஜெராக்ஸ் எடுத்துத்தான் ஆடினார்கள். அப்புறம், நம்ம ஏரியாவை வைத்து நாமே கார்டு போட்டால் என்ன என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

ட்ரம்ப் கார்டு ஆடியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பெரும்பாலான உயிர்க் கார்டுகளில் ஒரு படம், அதைக் களத்தில் இறக்க ஆகும் செலவு, தாக்கும் பலம், தாங்கும் பலம், கீழே அந்தக் கார்டு என்ன செய்யும் என்ற விதி. 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய ஆட்டம் இது. உலகம் முழுக்க ரசிகர்கள் இதற்குச் சொந்தமாகக் கார்டு தயாரிக்கிறார்கள், ஒருவர் கார்டை மற்றவர் அலசுகிறார்கள்.

ஒன்பதாவது படிக்கும் ஒரு பையன் போட்ட கார்டு இது. பெயர் 'தூய்மைப் பணியாளர்'. கையில் துடைப்பம், முகத்தில் சிரிப்பு. செலவு 1. பலம் 1, தாங்கும் பலம் 1. விதி: 'இந்தக் கார்டைப் பலி கொடுத்தால் உங்கள் நகரத்தின் நோய் தீரும்.'

எல்லோரும் கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம். ராயபுரம் பக்கம் குப்பை அள்ளும் அம்மாவின் மகள் ஒருத்தி மட்டும் தட்டவில்லை. "இன்னாணா, எங்கம்மா ஒரு புள்ளிதானா? அதுவும் செத்தாதான் யூஸா?" என்று கேட்டாள்.

இத்தனை வருடம் அரசியல் பேசும் எங்களுக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

பையனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மரியாதையாகத்தான் வரைந்தான். ஆனால் அந்த விதியை அவன் எங்கிருந்து எடுத்தான்? நாட்டின் நடப்பிலிருந்து. மலக்குழியில் மனிதரை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்தது. ஆனாலும் சாவு நிற்கவில்லை. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமானது. உயிரோடு இருக்கும்போது கூலி கூட்டிக் கேட்டால் கிடைக்காத மதிப்பு, செத்த பிறகு கணக்கில் ஏறுகிறது. பையன் பார்த்ததைத்தான் எழுதினான்.

அந்த ஆட்டத்தின் கதையிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு அமெரிக்காவே கொதித்தபோது, ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் ஏழு கார்டுகளை இனவெறி கொண்டவை என்று ஒப்புக்கொண்டு தடை செய்தது. அவற்றில் ஒன்று 1994இல் வந்த 'இன்வோக் ப்ரெஜுடிஸ்'. அதன் படத்தில் கு க்ளக்ஸ் கிளான் ஆட்களைப் போல முகமூடி போட்ட உருவங்கள். படத்தை எல்லோரும் பார்த்தார்கள். விதியைப் படியுங்கள்: என் பக்கம் இருக்கும் உயிர்களின் நிறம் இல்லாத உயிரை நீ இறக்கினால், கூடுதல் விலை கட்ட வேண்டும், இல்லையென்றால் அது உள்ளே வர முடியாது. வாடகை வீடு தேடி அலைந்த நமக்கு இந்த விதியை யாராவது விளக்க வேண்டுமா? படத்தை மாற்றி நான்கு பூ வரைந்தாலும் அது தீண்டாமைக் கார்டுதான்.

அதே ஏழில் இன்னொன்று 'பிரதேஷ் ஜிப்சீஸ்'. நம் நாட்டுச் சொல் ஒன்றை எடுத்து, நாடோடி மக்களை இழித்துச் சொல்லும் பெயரோடு ஒட்டியிருந்தார்கள். அதற்கும் பலம் 1, தாங்கும் பலம் 1. இவை தடைக்கு வர 26 வருடம் ஆனது.

ஆகவே அடுத்த நாளிலிருந்து எங்கள் கேள்வியை மாற்றினோம். படம் நன்றாக இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, இந்த விதிப்படி யார் செலவு செய்கிறார், யார் லாபம் அடைகிறார் என்று கேட்டோம். எண்ணூர் பிள்ளை ஒருவன் 'எண்ணெய்ப் படலம்' என்று ஒரு கார்டு போட்டான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை அவன் பார்த்தவன். அவன் விதி: 'இதை இறக்குபவருக்குச் செலவு இல்லை. ஆற்றங்கரையில் இருப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மீன் கார்டை இழப்பார்.' படம் சுமார்தான். விதி எண்ணூரையே சொல்லிவிட்டது.

தூய்மைப் பணியாளர் கார்டையும் திரும்ப எடுத்தோம். 2025 ஆகஸ்டு 1 முதல் 13 நாள், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். கேட்டது பணி நிரந்தரம். உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை அறிவித்த திட்டங்களில் காலை உணவு இருந்தது, பணி நிரந்தரம் இல்லை. பிள்ளைகள் உடனே ஒரு கார்டு போட்டார்கள். பெயர் 'இட்லி'. விதி: 'எதிராளியின் கோரிக்கையை ரத்து செய். பதிலுக்கு அவர் ஒரு தட்டு உணவு பெறுவார்.' சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

தூய்மைப் பணியாளருக்குப் புது விதி: 'இந்தக் கார்டு களத்தில் இல்லாவிட்டால் எல்லோருடைய கார்டும் சுற்றுக்கு ஒரு பலம் இழக்கும்.' வேலைநிறுத்தத்தின் சக்தி அதில் வந்துவிட்டது என்று நாங்கள் பூரித்தோம். அந்தப் பெண் அதையும் விடவில்லை. "அப்போ எங்கம்மா கடைசி வரைக்கும் துடைப்பத்தோடவே நிக்கணுமா?" என்றாள்.

இதுதான் எங்களை உலுக்கிய இடம். இழிவு செய்வது ஒரு விலங்கு என்றால், புகழ்ந்து அதே இடத்தில் நிறுத்துவதும் விலங்குதான். கொரோனா காலத்தில் மாலை போட்டு, காலில் பூ தூவியவர்கள் பணி நிரந்தரம் என்றதும் எங்கே போனார்கள்? கடைசியில் கார்டில் இன்னொரு வரி சேர்ந்தது: 'இந்தக் கார்டு தான் விரும்பும்போது வேறு எந்தக் கார்டாகவும் மாறலாம். செலவு இல்லை.' அந்த வரியை அவளே எழுதினாள்.

'ஒற்றுமை' கார்டிலும் சண்டை வந்தது. எல்லாத் தொழிலாளியும் சேர்ந்தால் பலம் இரட்டிப்பு என்று ஒருவன் எழுதியிருந்தான். நாங்கள் 1921 பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தைச் சொன்னோம். ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் அதில் சேரவில்லை, புளியந்தோப்பில் சேரி வீடுகள் எரிந்தன. ஒற்றுமைக்கான விலையை யார் கட்டுவது என்று எழுதாத கார்டு, கடைசியில் நம்மிடமே வசூலிக்கும்.

தோழர்களே, கார்டு விளையாட்டில் என்ன அரசியல் என்று சிலர் சிரிக்கலாம். சாதியும் விதிகளால் ஓடும் ஆட்டம்தான். யாருக்கு எவ்வளவு செலவு, யாரைப் பலி கொடுக்கலாம், யார் மாறவே கூடாது என்று பிறக்கும் முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். சினிமாவோ, பாடமோ, அரசாணையோ, நம் படம் அதில் இருக்கிறதா என்று பார்த்து மகிழ்வதோடு நிற்காதீர்கள். கீழே பொடி எழுத்தில் இருக்கும் விதியைப் படியுங்கள். பிறகு பேனாவை எடுங்கள்.