பல்லைக் கடிச்சிக்கிட்டுப் படிக்கணுமா?



பரீட்சை நெருங்கினா போதும், பெரியவங்க எல்லாரும் ஒரே வசனம்தான்: "இன்னும் ரெண்டு மாசம், பல்லைக் கடிச்சிக்கிட்டுப் படிச்சிடு!" நல்ல எண்ணத்தில்தான் சொல்றாங்க. ஆனா நம்மில் சிலர் அதை நிஜமாவே செய்கிறோம் என்பதுதான் என் கவலை. கணக்குப் பரீட்சை நடக்கும்போது பக்கத்து பெஞ்சை ஒரு நிமிஷம் பாருங்க (விடையை இல்ல, முகத்தை!). காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில் ஒரு சதை புடைச்சுப் புடைச்சு அடங்கும். அது மெல்லுகிற தசை. உடம்பில் உள்ள பலமான தசைகளில் ஒன்று.

இது பகல் கதை. ராத்திரி கதை வேறு. தூக்கத்தில் நறநறன்னு பல்லை அரைக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது, பக்கத்தில் படுத்திருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். என் தம்பி அந்த ரகம். விடியக்காலையில் கடலுக்குக் கிளம்புற எங்க அப்பா, "அலைச் சத்தத்தைவிட இவன் சத்தம் பெருசா இருக்கு" என்பார்.

நம்ம கோவளத்தில் யாரைக் கேட்டாலும், "வயித்துல பூச்சி" என்பாங்க. 2015-ல் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளில் அல்பெண்டசோல் மாத்திரை தர்றாங்க. அதைக் கட்டாயம் சாப்பிடணும், பூச்சி ரத்தசோகையைக் கொண்டுவரும். ஆனா பல் கடிக்கப் பூச்சிதான் காரணம்னு நிரூபணம் ஆகலை. மாத்திரை சாப்பிட்ட ராத்திரியும் என் தம்பி நறநறதான்! தூக்கத்துக்கு நடுவே மூளை சில நொடி லேசா விழிக்கும்போது தாடைத் தசை தானா இயங்குதுன்னு மருத்துவர்கள் சொல்றாங்க. கவலை, அளவுக்கு மீறின டீ காபி, குறட்டையோடு மூச்சு தடைபடுறது எல்லாம் அதைக் கூட்டும். சின்னப் பசங்களில் நிறைய பேருக்கு வளர வளர நின்னுடும். கொரோனா காலத்தில், 2021-ல், அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் விசாரிச்சப்போ, பல் கடிக்கிற நோயாளிகள் கூடியிருக்காங்கன்னு 100-க்கு 70-க்கும் மேற்பட்ட டாக்டர்கள் சொன்னாங்களாம். அத்தனை பேர் வயித்திலுமா திடீர்னு பூச்சி வந்திருக்கும்?

அதனால என் கருத்து இதுதான். பல் கடிக்கிறவனைக் கிண்டல் பண்ணாதீங்க, "வாயை மூடிட்டுத் தூங்குடா"ன்னு அதட்டாதீங்க. வகுப்பில் தாடை இறுகின முகத்தைப் பார்த்தா, "என்ன முறைக்கிறே?"ன்னு கேட்கத் தோணும். பல நேரம் அது முறைப்பு இல்லை ஐயா, பயம்.

சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், ஆனா மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக்கூடாது. மெல்லவும் விழுங்கவும்தான் தொடணும். இதைப் படிக்கிற இந்த நிமிஷம் உங்க பல் தொட்டுக்கிட்டிருக்கா? பாருங்க! தேய்ஞ்ச எனாமல் நகம் மாதிரி திரும்ப வளராது. காலையில் தாடை வலி, பொட்டில் வலி, ஐஸ் தண்ணி பட்டா கூச்சம் இருந்தா வீட்டில் சொல்லுங்க. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே 1953-ல் தொடங்கின அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. ராத்திரி மாட்டிக்கிற உறை கடிக்கிறதை நிறுத்தாது, பல்லைத் தேய விடாம காப்பாத்தும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேள்வித்தாள் தரும் முன் "பேசாதே"ன்னு சொல்வீங்களே, அதோடு "தாடையைத் தளர்த்துங்க"ன்னும் ஒரு தடவை சொல்லுங்க.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி