மேன்மாடமும் இயந்திர அறையும்

மிகுந்த பொருள் கொடுத்தோர்க்கு மிகுந்த சுகம் தவறாது கிட்டும் என்பது உலகத்தார் பலர் கொண்ட துணிபு. இஃது எத்துணை வலியற்றது என்பதை 2013-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மெக்சிகோ வளைகுடாவில் நிகழ்ந்ததொரு சம்பவம் தெள்ளிதின் விளக்கும்.

‘கார்னிவல் டிரையம்ப்’ என்னும் உல்லாசக் கப்பல் நாலாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சுமந்து சென்றது. 10-ஆம் நாள் எண்ணெய்க் குழாயொன்றின் கசிவால் இயந்திர அறையில் தீப்பற்றிற்று. தீ அவிந்தது, உயிர்ச்சேதமில்லை. ஆயின் மின்சாரம் ஒழிந்தமையால் குளிர்சாதனம் நின்றது. கழிப்பிடங்கள் பல பயனற்றன. பிரயாணிகள் பலர் அறைகளின் வெப்பமும் நாற்றமும் பொறாது மேல்தளத்திற் படுத்துறங்கினர். உணவுக்கு நெடுநேரம் வரிசையில் நின்றனர். 14-ஆம் நாள் இரவிலேதான் இழுவைப் படகுகள் கப்பலை அலபாமா மாகாணத்து மொபீல் துறைமுகத்திற் சேர்த்தன.

பஞ்சணையும் தனி முகப்பும் உடைய உயர்ந்த அறைக்குப் பன்மடங்கு கட்டணம் ஈந்தவர்க்கும், சாளரமில்லாச் சிற்றறையில் தங்கினவர்க்கும் கப்பலின் மின்சாரம் ஒன்றே, நீர்க்குழாயும் ஒன்றே. அறையைத் தனக்கென வாங்கலாம். அதனைச் சுகமாக்கும் ஆற்றலைத் தனியே வாங்கவியலாது. ஆகலின், விளம்பரத்திற் காணும் அழகை மட்டும் நோக்குதல் போதாது. கண்ணிற்படாத இயந்திரம் செவ்வனே பேணப்படுகின்றதா என வினவுதலே பிரயாணிக்கு அறிவாம். அதனைப் பேணும் தொழிலாளர்க்கு வேண்டுவன குறைவின்றி அளித்தலே கப்பலுடையார்க்குக் கடனாம்.