தலை இல்லை, வேலை நடக்கிறது!

தலை இல்லாமல் வேலை நடக்குமா?

கணினி உலகில் நடக்கிறது! "ஹெட்லெஸ் சி.எம்.எஸ்." என்று ஒரு வகை மென்பொருள் இருக்கிறது. "ஹெட்லெஸ்" என்றால் "தலை இல்லாத" என்று பொருள்.

பெயர்தான் பயமுறுத்துகிறது. விஷயம் எளிது.

கல்யாண வீட்டில் சமையற்கட்டு ஒன்று. பந்தி இரண்டு, மூன்று இடங்களில் நடக்கும். பந்தியை மாடிக்கு மாற்றினாலும் அடுப்பை மாற்ற வேண்டியது இல்லை. அதுபோல, செய்தி, படம், விலைப்பட்டியல் எல்லாவற்றையும் இந்த மென்பொருள் ஓர் இடத்தில் வைத்திருக்கும். இணையதளம் கேட்டால் கொடுக்கும். கைப்பேசிச் செயலி கேட்டாலும் கொடுக்கும். ஒரு தடவை எழுதினால் போதும். மக்கள் பார்க்கும் முகப்புதான் "தலை". அதை அவரவர் விருப்பப்படி தனியாகச் செய்துகொள்ளலாம்.

இந்த வேலைக்குப் பயன்படும் மென்பொருள்களில் ஒன்று, துருப்பல். அது பிறந்த கதை சுவையானது.

பெல்ஜியம் நாட்டில் ஆண்ட்வெர்ப் நகரில், 2000-ம் ஆண்டில் டிரீஸ் பாய்ட்டார்ட் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். இன்று இரவுச் சாப்பாடு எங்கே என்பது போன்ற செய்திகளை விடுதி நண்பர்கள் பகிர்ந்துகொள்ள, அவர் ஒரு சிறு அறிவிப்புப் பலகையைக் கணினியில் அமைத்தார். 2001-ம் ஆண்டு ஜனவரியில் அதை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்!

விலை மட்டும் அல்ல, ஒளிவு மறைவும் இல்லை. அதன் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இதுதான் "திறமூலம்". 2015-ல் வெளிவந்த 8-வது பதிப்பிலிருந்து, தலை இல்லாமல் இயக்கும் வசதியும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

ஆனால், இலவசமாக வந்த பசுவுக்கும் தீவனம் போட வேண்டும் அல்லவா?

2014-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி, துருப்பலின் 7-வது பதிப்பில் பெரிய ஓட்டை ஒன்று இருப்பது வெளியானது. கடவுச்சொல் இல்லாமலே அன்னியர் உள்ளே நுழையலாம்! அதை அடைக்கும் திருத்தமும் அன்றே இலவசமாகக் கொடுக்கப்பட்டது. ஆயினும், 7 மணி நேரத்துக்குள் திருத்தாத தளங்கள் எல்லாம் திருடர் கையில் சிக்கியதாகவே கருத வேண்டும் என்று, அதன் பாதுகாப்புக் குழுவே பிறகு எச்சரித்தது.

ஏழே மணி நேரம்! தூங்கி எழுவதற்குள் எல்லாம் போய்விடும்.

ஆகையால், மாற்றம் செய்கிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. மூல நிரலில் கை வைக்கக்கூடாது. வேண்டிய மாற்றத்தைத் தனிப் பகுதியாக எழுதிச் சேர்க்க வேண்டும். அதற்குத் துருப்பலில் வழி இருக்கிறது. மூலத்தையே வெட்டி ஒட்டிவிட்டால், புதிய திருத்தம் வரும்போது செய்த வேலை அழிந்துவிடும். அதற்குப் பயந்து திருத்தத்தைத் தள்ளிப்போட்டால், ஓட்டை திறந்தே கிடக்கும்.

முகப்பு தனியாக இருக்கிறது, ஆபத்து இல்லை என்று நினைப்பதும் தவறு. விருந்தினர் பார்ப்பது பந்தியைத்தான். ஆனால் நெருப்பு இருப்பது சமையற்கட்டில்!

சிறு கடைக்கு ஒரே ஒரு பக்கம் போதும் என்றால், இந்த ஏற்பாடே தேவை இல்லை. தேவை உள்ளவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்த அன்றே, அதைக் கவனிக்க ஓர் ஆளையும் நியமித்துவிட வேண்டும்.

மென்பொருளுக்குத் தலை இல்லாமல் இருக்கலாம். அதை வைத்திருப்பவருக்குப் பொறுப்பு இல்லாமல் இருக்கக்கூடாது!