தண்ணீர்க் கிண்ணம் போதாது

"உலர் தீனி போதும், பக்கத்தில் தண்ணீர் வைத்தால் பூனை குடித்துக்கொள்ளும்" என்கிறார் நண்பர். போதிய அளவு குடிக்காது. பாலைநிலக் காட்டுப்பூனையின் வழிவந்த அதற்குத் தாக உணர்வு குறைவு. இரையின் ஈரத்தில் வாழப் பழகிய உடல் அது. உலர் தீனியில் நீர் ஏறக்குறைய 10 சதவீதம்தான், ஈரத் தீனியில் 75க்கு மேல். திருவண்ணாமலையின் சித்திரை வெயிலில் இந்த வித்தியாசம் சின்னதா? நீர் குறைந்து ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்தால் ஓரிரு நாளில் உயிரே போகலாம்.

கோயில் ஊர் என்பதால் தயிர்சாதம் மட்டும் போதுமென்பது இன்னும் மோசம். ரமண மகரிஷியின் அன்புக்குரிய பசு லட்சுமிக்கு இவ்வூர் ரமணாசிரமத்தில் சமாதி உண்டு. அந்தக் கருணையைப் பூனையைப் பட்டினி போடவா காட்டுவது? டாரின் என்னும் சத்து குறைந்தால் பூனையின் இதயத்தசை தளரும் என்பதை 1987லேயே ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தச் சத்து இறைச்சியில், மீனில் இருக்கிறது, சோற்றில் இல்லை.

ஈரத் தீனி விலை கூடுதல், வெயிலில் சீக்கிரம் கெடும். ஒப்புக்கொள்கிறேன். ஒரு வேளையாவது கொடுங்கள், மீந்ததை உடனே எடுத்துவிடுங்கள்.