உறங்காமை ஒரு தகுதியன்று

சென்ற வாரம் எங்கள் துறையில் புதிய ஆய்வு மாணவர்களை வரவேற்கும் கூட்டம் நடந்தது. மூத்த பேராசிரியர் ஒருவர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "இவர் 600 கிலோமீட்டரை ஒரே மூச்சில் மிதிவண்டியில் கடந்தவர். கண் துஞ்சாமல் உழைப்பது எப்படி என்பதை இவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். அரங்கு கைதட்டியது. நான் அசட்டுச் சிரிப்போடு அமர்ந்துவிட்டேன். அங்கே சொல்லத் துணியாத மறுப்பை இங்கே எழுதுகிறேன். பாராட்டியவர் மீது எனக்கு வருத்தமில்லை. அந்தப் பாராட்டின் மீதுதான் வழக்கு.

நான் கண் துஞ்சாமல் ஓட்டவில்லை. ஓட்ட முயன்று விழுந்தேன். ஹைதராபாத்திலிருந்து காலை 6 மணிக்குப் புறப்பட்டு, 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கர்னூலையும் டோனையும் தாண்டி, 300-ஆவது கிலோமீட்டரில் திரும்பி வரவேண்டிய பாதை அது. விதிப்படி 40 மணி நேரம் உண்டு. பகல் முழுவதும் நன்றாகவே போயிற்று. பீச்சுப்பள்ளியில் கிருஷ்ணையைக் கடந்தபோது பாட்டுக்கூடப் பாடினேன். திரும்பும் வழியில், அதிகாலை மூன்றரை மணியளவில், சாலையோர மைல்கல் ஒன்று முக்காடிட்ட மூதாட்டியாகத் தெரிந்தது. அவருக்கு வழிவிட்டு மரியாதையோடு ஒதுங்கினேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது சக்கரத்துக்கு அடியில் தார் மாறிச் சரளைக் கல்லான ஓசை. முழங்காலில் குருதி. இடப்பக்கம் சரிந்ததால் பள்ளத்தில் கிடந்தேன். வலப்பக்கம் சரிந்திருந்தால், அடுத்த சில நொடிகளில் கடந்து சென்ற லாரியின் அடியில் கிடந்திருப்பேன். உறக்கம் எப்போது வந்தது என்பதை இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. மன உறுதியால் உறக்கத்தை வெல்லலாம் என்போர் இதைக் கவனிக்கவேண்டும். வருவதை அறிந்தால்தானே எதிர்த்து நிற்க முடியும்?

கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனேன். தேநீர்க் கடை வைத்திருந்த அம்மா தண்ணீர் கொடுத்து, "முதலில் படு பாபு, ஊர் எங்கும் ஓடிவிடாது" என்று தெலுங்கில் அதட்டிக் கயிற்றுக் கட்டிலைக் காட்டினார். ஒன்றரை மணி நேரம் உறங்கினேன். 39 மணி 10 நிமிடத்தில் முடித்தேன். என்னை முடிக்க வைத்தது அந்தக் கட்டில். கதை துறைக்கு வந்து சேர்ந்தபோது முதலில் காணாமற்போனதும் அதுதான்.

தனி அனுபவத்தைச் சான்றாக ஏற்காத துறையினர் நாம். ஆகையால் ஓர் எண்ணைத் தருகிறேன். டாசன், ரீட் என்னும் ஆய்வாளர்கள் 1997-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சோதனையில், 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மதுவுள்ளவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. 24 மணி நேரத்தில் அது ஏறத்தாழ 0.10 விழுக்காட்டுக்கு இணையாயிற்று. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் விதித்துள்ள வரம்பு 0.03. இரண்டு புட்டி அருந்திவிட்டு ஆய்வகத்துக்குள் நுழையும் மாணவரைப் பாதுகாவலர் வாயிலிலேயே நிறுத்திவிடுவார். இரவு முழுவதும் விழித்துவிட்டு அமிலப் புட்டியைக் கையில் எடுப்பவரை 'அர்ப்பணிப்பு மிக்கவர்' என்கிறோம்.

இந்த வழிபாட்டுக்கு மிதிவண்டி உலகில் வேர் உண்டு என்பதை மறைக்கமாட்டேன். 1891-இல் பாரிஸ் நாளேடு ஒன்றின் ஆசிரியர் பியேர் ஜிஃபார் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போட்டியை வென்ற சார்லஸ் தெரோன், ஏறத்தாழ 1200 கிலோமீட்டரை உறங்காமல் 71 மணி நேரத்துக்குச் சற்று மேலான பொழுதில் கடந்தார். முன்னணியில் இருந்த போட்டியாளர் உறங்கிய வேளையில்தான் அவரை முந்தினார். உறங்கியவன் தோற்றான் என்ற நீதிக்கதையாக இது நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தொழில்முறைப் போட்டியாக அது 1951-உடன் முடிந்துபோனது என்ற செய்தி மட்டும் வந்து சேரவில்லை. இன்று நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் அதே பயணத்துக்கு அதிகபட்ச வரம்பு 90 மணி நேரம். வழியில் படுத்தெழ இடம் வைத்துப் போட்ட கணக்கு அது.

நாங்கள் ஓட்டும் 'பிரெவே' பயணங்கள் இந்தப் பிந்தைய மரபைச் சேர்ந்தவை. அவற்றில் முதலிடம் கிடையாது. 28 மணியில் வந்தவருக்கும் 39 மணியில் வந்தவருக்கும் கிடைப்பது ஒரே சான்று. இன்னொரு விதி அறிமுகக் கூட்டத்தார் அறியாதது: மிக விரைவாக வருவதையும் பிரெவே ஏற்பதில்லை. 600 கிலோமீட்டரின் இறுதி நிலையம் 18 மணி 48 நிமிடத்துக்கு முன்பு திறக்காது. முந்தி வந்தவர் வாசலில் காத்திருக்கவேண்டியதுதான்.

எங்கள் ஓட்டுநர்களும் உத்தமர்கள் அல்லர். புலனக் குழுவில் 'எத்தனை நிமிடம் தூங்கினாய்' என்ற கேள்விக்குப் பூச்சியம் என்று விடையளிப்பவருக்கே கைதட்டல் சின்னங்கள் குவிகின்றன. இடையில் நிறுத்தியவரிடம் துக்கம் விசாரிக்கும் தொனியில் பேசுகிறார்கள். அன்றிரவு எனக்குக் கட்டில் கொடுத்த அம்மாவும், என்னைக் கடந்த லாரியின் ஓட்டுநரும் பிழைப்புக்காக விழித்திருந்தவர்கள். நுழைவுக் கட்டணம் செலுத்தி விழித்திருந்தவன் நான் ஒருவன்தான். மேடையில் எழுப்பி நிறுத்தப்பட்டவனும் நானே.

'ஆய்வுப் பட்டமும் ஒரு நெடும்பயணமே' என்ற உவமைக்கு வருகிறேன். உவமை பொருந்தவேண்டுமென்றால் முழுதாகப் பொருந்தட்டும். பிரெவேயில் தொலைவு புறப்படும்போதே தெரியும். 580-ஆவது கிலோமீட்டரில் ஒருவர் வந்து, 'இன்னொரு 80 ஓட்டினால் நல்ல இதழில் வெளியாகும்' என்று சொல்வதில்லை. வந்து சேர்ந்தவருக்கு முத்திரையிட மறுக்கும் நிலையம் கிடையாது. கையெழுத்துக்காக மூன்று மாதம் காத்திருப்பதும் இல்லை. நமக்கோ உதவித்தொகை 5 ஆண்டுகளில் நின்றுவிடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி பதிவுக் காலம் 6 ஆண்டுகள். அந்த இடைப்பட்ட ஓராண்டைக் கடப்பது எப்படி என்று கேட்டால், விடாமுயற்சி என்று பதில் வருகிறது. கட்டமைப்பு விட்ட ஓட்டையை மாணவரின் உறக்கத்தைக் கிழித்து அடைக்கிறோம்.

எங்கள் தளத்தில் நடந்ததைச் சொல்லவேண்டும். என்.எம்.ஆர். கருவியில் இளையவர்களுக்கு இரவு நேரம் மட்டுமே ஒதுக்கப்படுகிறது. தொடர்ந்து இரண்டு இரவுகள் விழித்து, காலை 9 மணி ஆய்வகக் கூட்டத்திலும் அமர்ந்திருந்துவிட்டு, விடுதிக்கு ஸ்கூட்டரில் திரும்பிய ஓர் ஆய்வு மாணவி விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். எப்படி விழுந்தேன் என்று தெரியவில்லை என்றார். எனக்குத் தெரியும். வரவேற்புக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில், கையைத் தூளியில் தொங்கவிட்டபடி அவர் அமர்ந்திருந்தார். அவரை யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை.

'இளமையில் உடலை வருத்தாமல் எதைச் சாதிப்பது' என்று கேட்கும் மூத்தவர்கள் உண்டு. நான் வருத்தத்துக்கு எதிரியல்லன். மரத்துப்போன சுண்டுவிரல் நேராக மூன்று வாரம் பிடித்தது. அதை நானே தேர்ந்தேன், மறுநாள் நிறுத்திக்கொள்ளும் உரிமையோடு தேர்ந்தேன். நெறியாளரின் பரிந்துரைக் கடிதத்தை நம்பியிருக்கும் மாணவருக்கு அந்த உரிமை எங்கே?

துறைத் தலைவருக்கு இன்று ஒரு விண்ணப்பம் அளித்திருக்கிறேன். இரவுக் கருவி நேரத்தை மூத்தவர் இளையவர் பேதமின்றிச் சுழற்சியில் ஒதுக்கவேண்டும். இரவில் பணிபுரிந்தவரை மறுநாள் நண்பகலுக்கு முன் எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கக்கூடாது. விடியற்காலையில் விடுதிவரை ஒரு வாகனம் ஓடவேண்டும். இதுவரை 23 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தாள் இரண்டாம் தள நூலக மேசையில் இருக்கிறது. அடுத்த மாதம் அதே சாலையில் மறுபடியும் 600 ஓட்டுகிறேன். கர்னூலில் அறை பதிவு செய்தாகிவிட்டது.