ஏழரை மணிக்குப் பிறகு யாருடைய சாலை?

பணி ஓய்வு பெற்ற மறுமாதம், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் ஒரு மிதிவண்டி வாங்கினேன். ரத்தச் சர்க்கரை அளவைப் பார்த்த மருத்துவர், உடலுக்கு ஏதேனும் வேலை கொடுங்கள் என்று கண்டிப்புடன் கூறியதே காரணம். வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடைப்பயிற்சி ஒரே வாரத்தில் சலித்துவிட்டது. மிதிவண்டி சலிக்கவில்லை.

மிதிவண்டிக்கென்றே அமைந்த ஊர் புதுச்சேரி. மேடு பள்ளம் இல்லாத நிலம். ஒன்றையொன்று நேராக வெட்டிச் செல்லும் தெருக்கள். அவற்றைச் சுற்றி வளையமாகப் பட்டேல் சாலை, அண்ணா சாலை, சுப்பையா சாலை, கடற்கரைச் சாலை. இவற்றுள் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. விடியற்காலையில் காந்தி சிலைக்கும் பழைய கலங்கரை விளக்கத்துக்கும் அருகே கடற்காற்றை எதிர்கொண்டு மிதிப்பது தனி இன்பம்.

அந்த நேரத்தில் நான் தனியாக இருப்பதில்லை. தலைக்கவசமும் வண்ணச் சட்டையும் அணிந்த இளைஞர்கள், வாடகை மிதிவண்டியில் சுற்றுலாப் பயணிகள், வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னையிலிருந்தே மிதித்து வருவோர் எனப் பலரைக் காண்கிறேன். துணைநிலை ஆளுநராக இருந்தபோது கிரண் பேடி வார இறுதிக் காலைகளில் மிதிவண்டியில் நகரைச் சுற்றிவந்து ஆய்வு செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஒருகாலத்தில் வறுமையின் அடையாளமாகக் கருதப்பட்ட வாகனம், இன்று மதிப்புக்குரிய பொழுதுபோக்காகியிருக்கிறது. இது வரவேற்க வேண்டிய மாற்றமே.

ஆனால், ஏழரை மணிக்குத் தடுப்புகள் விலக்கப்பட்டதும் காட்சி மாறுகிறது. சுப்பையா சாலை வழியே முதலியார்பேட்டையில் உள்ள வீட்டுக்குத் திரும்பும்போது, எதிரே மற்றொரு மிதிவண்டிக் கூட்டம் நகருக்குள் வருகிறது. கைப்பிடியில் மதிய உணவுத் தூக்கு. பின்னால் சாக்கில் சுற்றிய கரண்டியும் மட்டப்பலகையும். இவர்கள் கட்டுமானத் தொழிலாளர்கள். பூக்கூடையுடன் செல்வோரும் பள்ளி மாணவர்களும் இவர்களோடு வருகிறார்கள்.

மரப்பாலம் அருகே ஒரு தேநீர்க் கடையில் கொத்தனார் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அன்றாடம் போக வர இருபது கிலோமீட்டர் மிதிப்பதாகச் சொன்னார். "உங்களுக்கு இது உடம்புக்கு சார், எனக்கு பஸ் காசு மிச்சம்" என்று சிரித்தார். பயமில்லையா என்று கேட்டேன். "பின்னால ஹாரன் அடிச்சா மண்ணுல இறங்கிடுவேன்" என்றார். சாலையில் தனக்கும் பங்குண்டு என்ற எண்ணமே அவருக்கு இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களில் 44.8 விழுக்காட்டினரிடம் மிதிவண்டி இருந்தது. மோட்டார் பொருத்திய இருசக்கர வாகனம் 21 விழுக்காட்டினரிடமே இருந்தது. ஆயினும் சாலைகள் மோட்டாருக்காகவே அகலப்படுத்தப்பட்டன. மிதிவண்டியின் ஆற்றலை நாம் அறியாதவர்களும் அல்லர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஆதரவுடன் அறிவொளி இயக்கம் கிராமப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுத் தந்தது. அது அவர்கள் வாழ்வையே மாற்றியது. தமிழகத்திலும் புதுச்சேரியிலும் மாணவர்களுக்கு இலவச மிதிவண்டிகள் வழங்கப்பட்டன. 2025 செப்டம்பரில் மிதிவண்டி மீதான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. ஆக, வண்டியைக் கொடுத்தோம், வரியையும் குறைத்தோம். அது பாதுகாப்பாக ஓடுவதற்கான பாதையை மட்டும் தரவில்லை. 2022-இல் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குறுகலான தெருக்களில் தனிப்பாதைக்கு இடம் ஏது என்று கேட்கலாம். இருபுறமும் நாள் முழுவதும் நிற்கும் கார்களுக்கு இடம் இருக்கிறதே என்பதுதான் பதில். நம் தெருக்கள் பலவற்றுக்குப் பெயர் தந்த பிரான்ஸின் தலைநகரில், 2020-இல் ரிவோலி தெருவின் பெரும்பகுதி தனியார் கார்களிடமிருந்து மீட்கப்பட்டு மிதிவண்டிகளுக்கு அளிக்கப்பட்டது. அவ்வளவு தொலைவு போவானேன்? அருகிலுள்ள ஆரோவில்லில் மரங்களுக்கிடையே மிதிவண்டிப் பாதைகள் இருக்கின்றன.

புதுச்சேரியில் தொடங்குவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. நகரை வளைத்துச் செல்லும் நான்கு சாலைகளுக்குள் வேகக் கட்டுப்பாட்டை உறுதியாகச் செயல்படுத்தலாம். பள்ளி, வேலை நேரங்களிலாவது கடலூர் சாலையிலும் வில்லியனூர் சாலையிலும் ஓரத்தில் ஒரு பட்டையை மிதிவண்டிக்கென ஒதுக்கலாம். இந்திரா காந்தி சதுக்கம், ராஜீவ் காந்தி சதுக்கம் போன்ற நெரிசலான சந்திப்புகளில் மிதிவண்டிகள் முதலில் கடக்க வழி செய்யலாம். மோட்டார் இல்லா வாகனங்களுக்கும் பாதசாரிகளுக்கும் விதிகள் வகுக்க, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவு மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளிக்கிறது. தேவைப்படுவது மனம் மட்டுமே.

அந்த மனத்தை உண்டாக்கும் பொறுப்பு, என்னைப் போன்ற பொழுதுபோக்கு மிதிவண்டியாளர்களுக்கு இருக்கிறது. மருத்துவர்கள், பொறியாளர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள் என எங்களில் பலருடைய குரல் ஆட்சியாளர்களின் செவியை எட்டும். அந்தக் கொத்தனாரின் குரல் எட்டாது. காலை ஏழரை வரை கிடைக்கும் சாலையோடு நாங்கள் நிறைவடைந்துவிட்டால், மிதிவண்டி உடற்பயிற்சிக் கருவியாக மட்டுமே எஞ்சும். எட்டு மணிக்குச் சாலையில் வரும் கொத்தனாருக்காகவும் நாங்கள் பேசினால்தான், அது மீண்டும் மக்களின் வாகனமாகும். யாருடைய ஹாரனுக்கும் அஞ்சி அவர் மண்ணில் இறங்காத நாளே, புதுச்சேரி மிதிவண்டிக்கேற்ற நகரம் என்று நாம் பெருமை பேசத் தகுந்த நாள்.