ஒரு மதிப்பெண்ணில் அடங்காத ஆறு

‘தாமிரபரணி எங்கே உற்பத்தியாகிறது?’ இவ்வினாவிற்குப் ‘பொதிகை மலை’ என்று விடையெழுதி ஒரு மதிப்பெண் பெறாத மாணவர் திருநெல்வேலிச் சீமையில் இருக்கமாட்டார். நானும் பெற்றவன்தான். ஆயினும், கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கத் தொடங்கிய பிறகு, அந்த வினாவே சரியில்லை என்ற எண்ணம் எனக்கு வலுத்துவிட்டது. காரணத்தைக் கூறுகிறேன், ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

தலையில் எடுத்த வகிட்டின் மேல் ஒரு செம்பு நீரை ஊற்றிப் பாருங்கள். பாதி இப்பக்கமும் பாதி அப்பக்கமும் வழியும். மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடும் இப்படிப்பட்ட ஒரு வகிடே. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையில் மேற்கே விழும் மழைநீர் நெய்யாறாகிக் கேரளத்தின் வழியே அரபிக்கடலை அடைகிறது. கிழக்கே விழுவது தாமிரபரணியாகி மன்னார் வளைகுடாவிற்குச் செல்கிறது. சில அடி தள்ளி விழுந்தால் வேறு கடல்! ஆகவே ஆறு பிறப்பது ஒரு புள்ளியில் அன்று. வகிட்டின் இப்பக்கத்துச் சரிவு முழுவதிலும்.

அச்சரிவிலிருந்து பேயாறு, உள்ளாறு, பாம்பாறு, காரையாறு முதலியவை மலையிலேயே ஒன்றுகூடுகின்றன. பாபநாசத்திற்கு மேலே சேர்வலாறு சேருகிறது. சமவெளிக்கு வந்தபின் மணிமுத்தாறும், திருப்புடைமருதூரில் கடனாநதியும், பின்னர் பச்சையாறும் வருகின்றன. குற்றாலத்து நீரைச் சுமந்துவரும் சிற்றாறு சீவலப்பேரியில்தான் கலக்கிறது. கொக்கிரகுளம் பாலத்தில் நின்று ‘குற்றாலத்துத் தண்ணீர் போகிறது’ என்று குழந்தைக்குக் காட்டும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இன்னும் அவ்விடத்திற்கு வந்தே சேரவில்லை, பாவம்!

(இவற்றைக் ‘கிளையாறுகள்’ என்று எழுதுவோர் உண்டு. பிரிந்து போவதுதான் கிளை; வந்து சேர்வது துணையாறு.)

இத்துணையாறுகள் எல்லாம் ஒரே நாளில் பெருகுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாயின் வழியே நுழைந்து ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் சாரலைத் தருகிறது, சிற்றாறு பெருகுகிறது. மணிமுத்தாறோ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருப்பது. ஒன்று மெலியும்போது மற்றொன்று கைகொடுக்கிறது. தாமிரபரணியை வற்றாத நதி என்கிறோமே, அதன் இரகசியத்தில் பெரும்பகுதி இதுதான். பொதிகையில் ஒரு சுனையை மட்டும் காட்டி இதை விளக்கிவிட முடியாது.

வெள்ளத்திற்கும் இதே கணக்குத்தான். இரண்டு அலைகளின் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் உயரம் கூடும் என்று அலைப் பாடத்தில் படிக்கிறீர்கள். இரு துணையாறுகளின் வெள்ளம் வெவ்வேறு நேரத்தில் வந்தால் ஆறு நெடுநேரம் நிதானமாக ஓடும். ஒரே நேரத்தில் வந்தால் கரை தாங்காது. எது எங்கே சேருகிறது, எவ்வளவு தூரம் ஓடிவருகிறது என்பவையெல்லாம் உயிரைக் காக்கும் செய்திகள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை உங்களுக்கு நினைவிருக்கும். அந்த இரவு என் பழைய மாணவர்கள் பலர் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: “சார், பாபநாசம் அணையில் எத்தனை அடி?” கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது மட்டும் போதாது. அணைகளுக்கு வெகுதூரம் கீழே, ஸ்ரீவைகுண்டத்தில், 24 மணி நேரத்தில் சுமார் 62 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு சதுர மீட்டருக்கு 620 லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 62 கோடி லிட்டர்! அணைக்குக் கீழே பெய்யும் மழைக்கு மதகு ஏது? அது வாய்க்கால், ஓடை, குளம் என்று கிடைத்த வழியில் எல்லாம் ஆற்றைத் தேடி ஓடியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஒரு ரயில் பயணிகளோடு சிக்கி நின்றது. ‘பொதிகை மலை’ என்று விடையெழுதி மதிப்பெண் பெற்ற நாம், நம் வாசலுக்கு வந்த நீர் எந்த வழியாக வந்தது என்பதை அறியாமல் நின்றோம்.

ஆகவே வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் இது: ஆறு எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்பதை விட்டுவிடுங்கள். ‘உன் தெருவில் பெய்யும் மழை எந்த வழியாக எந்த ஆற்றைச் சேருகிறது? படம் வரைக’ என்று கேளுங்கள். ஐந்து மதிப்பெண் தரலாம். விடை எந்த நோட்ஸிலும் கிடைக்காது. மாணவன் மழையில் குடையோடு வெளியே போய்த்தான் ஆகவேண்டும்.

நான் முயன்று பார்த்தேன். என் தெருவின் நீர் பாளையங்கால்வாயில் போய் விழுகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இடையில் ஓரிடத்தில் ஓடையையே காணவில்லை. அதன்மேல் வீடுகள் இருந்தன.